பத்து நிமிட இடைவேளைக்கு ஐந்து கல் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோர் பலர், பாடத்திட்டத்தில் காட்டும் கவனத்தை இடைவேளையில் காட்டுவதில்லை. பள்ளியில் மணி அடித்தால் விளையாட்டு நின்றுவிடும். வீட்டில் மணி கிடையாது. "பத்து நிமிஷம் விளையாடிட்டு வா" என்று கைப்பேசியைக் கொடுத்தால் அரை மணி ஓடிவிடும், பிடுங்கினால் அழுகை. இதற்குப் பிள்ளையின் பிடிவாதத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த விளையாட்டில் ஒரு கட்டம் முடிந்ததுமே அடுத்தது திறந்துகொள்கிறது, முடிவு என்பதே இல்லை. ஆகவே இடைவேளைக்கு எதைக் கொடுத்தாலும் அது பத்து நிமிடத்துக்குள் தானாக முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு ஐந்தாங்கல்லை மிஞ்ச வேறொன்று இல்லை. சொட்டாங்கல், கல்லாங்காய் என்று ஊருக்கு ஒரு பெயர். தனியாக ஆடலாம் என்பது ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டுக்குப் பெரிய வசதி. சுண்டைக்காயைவிடப் பெரிதாக, நெல்லிக்காயைவிடச் சிறிதாக ஐந்து கல் வேண்டும். வழுவழுவென்று உருண்டையாக இருந்தால் கையில் நிற்காது; லேசாகத் தட்டையாக, சொரசொரப்பாக இருப்பதே நல்லது. கற்களைப் பரப்பி, ஒன்றை மேலே போட்டு, அது இறங்குவதற்குள் தரையில் ஒன்றை எடுத்து, அதே கையால் பிடிக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, அப்புறம் மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கும் ஒரே அள்ளில். நான்கு கட்டம் முடிந்தால் இடைவேளையும் முடிந்தது.

பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது கல்லை அளவுக்கு மீறி உயரத் தூக்கிப் போடுவதால்தான். கண் மேலே போய்விடுவதால் தரையில் கல் எங்கே கிடக்கிறது என்று தெரிவதில்லை. உட்கார்ந்த நிலையில் கண் உயரத்துக்குப் போட்டால் போதும். ஆறு வயதுக் கைக்கு ஐந்து கல் அடங்காது, மூன்றில் தொடங்குங்கள். டைல்ஸ் தரையில் கற்கள் சிதறி ஓடும், கீழ் வீட்டுக்காரருக்கும் சத்தம் கேட்கும். ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் இரண்டும் தீரும். வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் கல்லே வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.

பல்லாங்குழி அருமையான ஆட்டம்தான். ஆனால் 14 குழி, குழிக்கு 5 முத்து என்று 70 முத்தோடு ஆடினால் பத்து நிமிடத்தில் முடியாது. பாதியில் கலைக்கச் சொன்னால் சண்டை. முட்டை அட்டையில் வரிசைக்கு மூன்றாக ஆறு குழி வெட்டி, குழிக்கு மூன்று புளியங்கொட்டை போட்டு ஆடினால் சீக்கிரம் முடிந்துவிடும். கணக்குப் பாடம் முடிந்த கையோடு இதைக் கொடுக்க வேண்டாம். மறுபடியும் எண்ணிக்கையா என்று சலித்துவிடும்.

எழுத்து வேலை முடிந்ததும் விரலுக்கு ஓய்வு, உடம்புக்கு அசைவு. பாண்டி ஆடலாம். கூடத்தில் ஆடுவதென்றால் ஓட்டுச் சில்லு டைல்ஸில் வழுக்கிக்கொண்டு எல்லைக்கு வெளியே போகும். பழைய துணியில் ஒரு கைப்பிடி பயறு வைத்துத் தைத்த சிறு மூட்டை, விழுந்த இடத்திலேயே நிற்கும். கயிறு தாண்டுவதானால், கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள் வரை வர வேண்டும். அதைவிட நீளமான கயிறு காலில் சுற்றும். மொட்டைமாடியில் சாண் இடைவெளியில் 1-3-5-3-1 என்று 13 புள்ளி வைத்து, சாக்பீஸால் சிக்குக் கோலம் போடச் சொல்லலாம்; குனிந்து நிமிர்ந்து நகர்வதே பயிற்சி. சித்திரை, வைகாசியில் மாடி வேலை எல்லாம் காலை ஒன்பதுக்கு முன்னால்தான், பிறகு பாதம் பொரிந்துவிடும்.

பம்பரம் இந்த நேரத்துக்குச் சரிவராது. சாட்டை சுற்றப் பழகவே நாளாகும், ஆணி தரையைக் குத்தும். கிட்டிப்புள் வீட்டுக்குள் கூடவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

பாடம் திரையில் நடந்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் செய்யுங்கள். எதிர்வீட்டுத் தென்னையில் எத்தனை குலை என்று கேட்டாலே போதும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினம் சராசரியாக 60 நிமிட உடல் இயக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடைவேளைகள் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும்; மாலை விளையாட்டை அதற்காக நிறுத்திவிடக் கூடாது.

தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் வாரம் ஒரு விளையாட்டின் விதிகளை, எத்தனை நிமிடம் பிடிக்கும், தனியாக ஆட முடியுமா என்ற இரண்டு குறிப்புகளோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டுக்கல்விப் பெற்றோர் சிலர்,
மதுரை