திரைப்பட வட்டத்தின் ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் 17 உறுப்பினர்களுக்கும் வணக்கம். பதிவேட்டில் இருப்பவர்கள் 64 பேர். அந்தக் கணக்கைப் பற்றிப் பிற்பாடு சொல்கிறேன்.

முதலில் வழக்கமானவை. பொங்கல் விழா நடந்தது. அன்று பந்தியில் நடந்ததை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று செயற்குழு தீர்மானித்ததால் சேர்க்கவில்லை. சித்திரையில் பிள்ளைகளுக்குக் குறும்படப் போட்டி வைத்தோம். ஐந்து படங்கள் வந்தன, ஐந்துக்கும் பரிசு. ஜூலைச் சுற்றுலா மழையில் நின்றுபோனது. செயற்குழு ஆறு முறை கூடியது. கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், அதாவது கோரம், இருந்தது மூன்று முறை.

இனி இலையுதிர்காலத் திரையிடல் தொடர். இது நான் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1991இல் நம் நியூயார்க்கில் நடந்த ஒரு கலவரத்துக்கு அப்புறம் யூதர்களும் கறுப்பின மக்களும் ஒருவரோடொருவர் பழக முயன்றதைப் பற்றிய படங்கள் என்று அறிவித்தவுடன் வாட்ஸ்அப் குழுவில் 31 பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். முதல் சனிக்கிழமை நூலகத்தின் கீழ்த்தள அறைக்கு வந்தவர்கள் 9 பேர். அதிலும் இரண்டு பேர் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்து, சமோசா வாசனைக்கு உள்ளே நுழைந்தவர்கள்.

"நமக்கு எதுக்குத் தம்பி அவங்க சண்டை? நல்லதா ஒரு வடிவேலு படம் போடக்கூடாதா?" என்று என்னிடமே கேட்ட அக்காவுக்கு நன்றி. மற்றவர்கள் என்னைத் தவிர எல்லோரிடமும் கேட்டார்கள். அன்றைக்கு அக்காவுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நாம் குடியிருக்கும் நியூயார்க்கில் நடந்த கதை இது. புரூக்ளினில் கிரவுன் ஹைட்ஸ் என்றொரு பகுதி. லுபாவிச் என்ற ஆசாரமான ஹசிடிக் யூதப் பிரிவின் தலைமையிடம் அங்கே, ஈஸ்டர்ன் பார்க்வேயில் 770ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது. சுற்றிலும் கரீபியன் தீவுகளிலிருந்தும் கயானாவிலிருந்தும் வந்த கறுப்பின மக்கள். 1991 ஆகஸ்ட் 19ஆம் தேதி, லுபாவிச் குரு மெனாக்கெம் ஷ்னீர்சனின் கார் வரிசையில் கடைசியாக வந்த கார் இன்னொரு காரோடு மோதி நடைபாதையில் ஏறியது. சைக்கிள் சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்த 7 வயது கேவின் கேட்டோ இறந்துபோனான். கயானாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். அவனுடைய உறவுக்காரச் சிறுமிக்குப் பலத்த காயம். யூதர்களின் ஆம்புலன்ஸ் கார்க்காரர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது என்று பேச்சுப் பரவியது. அவர்களை ஏற்றிப் போகச் சொன்னது போலீஸ் என்பதும், பிள்ளைகளை நகராட்சி ஆம்புலன்ஸ் ஏற்றிப்போனது என்பதும் அந்தப் பேச்சோடு சேர்ந்து பரவவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, ஆஸ்திரேலியாவிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருந்த 29 வயது யாங்கெல் ரோசன்பாமை ஒரு கூட்டம் சுற்றி வளைத்தது. கத்திக்குத்துப் பட்டு அவரும் இறந்தார். கலவரம் மூன்று நாள் நீடித்தது. நகரத்தின் முதல் கறுப்பின மேயர் டேவிட் டின்கின்ஸ் 1993 தேர்தலில் தோற்றதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

நாம் முதலில் போட்ட படம் 2004இல் ஷோடைம் தொலைக்காட்சிக்காக ஜெரமி கேகன் எடுத்த 'கிரவுன் ஹைட்ஸ்'. கலவரத்தைவிட அதற்கு அப்புறம் நடந்ததுதான் படம். டேவிட் லேசர்சன் என்ற ஹசிடிக் ஆசிரியரும், அந்தப் பகுதி இளைஞர்களோடு வேலை செய்த ரிச்சர்ட் கிரீனும் இரண்டு பக்கத்துப் பையன்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள். இருவரும் நிஜ மனிதர்கள். முதல் நாள் யாருக்கும் யாரோடும் பேச்சு வரவில்லை. அப்புறம் கூடைப்பந்து, அப்புறம் ராப். அந்த முயற்சிக்கு வைத்த பெயர் 'க்யூர்'. உரையாடல், புரிதல், மரியாதை, கல்வி என்பவற்றின் ஆங்கிலச் சொற்களுடைய முதலெழுத்துகள். நகைச்சுவை நடிகர் ஹோவி மண்டெல் லேசர்சனாக நடித்திருக்கிறார், மாரியோ வான் பீபிள்ஸும் நடித்திருக்கிறார். கொஞ்சம் டிவி வாடை அடிக்கும் படம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பையன்கள் நாற்காலியை எவ்வளவு தள்ளிப் போட்டுக்கொள்வது என்று கண்ணாலேயே அளந்து உட்காரும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பொங்கல் பந்தியை நினைத்துக்கொண்டேன். இரண்டையும் ஒப்பிடுவது அபத்தம் என்று தெரியும். அங்கே இரண்டு உயிர் போயிருக்கிறது; நம்மிடம் போனது ஒரு தூக்கு பாயசம்.

அன்று நடந்த குளறுபடியையும் பதிவு செய்ய வேண்டும். செயற்குழு உறுப்பினர் ஒருவர் வீட்டிலேயே படம் பார்த்துவிட்டுக் கலந்துரையாடலுக்கு மட்டும் வந்தார். கால் மணி நேரம் சிறை, மேல்முறையீடு, காவல்துறையின் அலட்சியம் என்று உருக்கமாகப் பேசினார். அவர் பார்த்தது அதே பெயரில் 2017இல் வந்த இன்னொரு படம். செய்யாத கொலைக்காகச் சிறையில் கிடந்த காலின் வார்னரையும், அவரை மீட்கப் பாடுபட்ட நண்பரையும் பற்றியது. அதுவும் நல்ல படம்தான். அறிவிப்பில் நான் ஆண்டைப் போடவில்லை என்று அவர் சொல்கிறார். போட்டிருந்தேன்.

இரண்டாவது, அன்னா டிவியர் ஸ்மித்தின் 'ஃபயர்ஸ் இன் தி மிரர்'. 1992இல் மேடையேறி, மறு ஆண்டு தொலைக்காட்சிக்கு வந்தது. கிரவுன் ஹைட்ஸ் மக்களைப் பேட்டி கண்டு, அவர்கள் பேசியதை அவர்களுடைய திக்கலோடும் இழுவையோடும் ஒரே ஆளாக நடித்துக் காட்டுகிறார். தொப்பியை மாற்றினால் ரப்பி என்ற யூத மதகுரு, சட்டையை மாற்றினால் தெருப் பையன். நம் ஊரில் கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதே இல்லை என்றேன். வந்திருந்த ஆறு பேரும் ஆமோதித்தார்கள்.

மூன்றாவது, 1997இல் வந்த 'பிளாக்ஸ் அண்ட் ஜூஸ்' ஆவணப்படம். கலவரத்தைத் தவிர இன்னொரு சம்பவமும் அதில் வருகிறது. 1994இல் ஓக்லண்ட் பள்ளி மாணவர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள், நாஜிகள் செய்த யூதப் படுகொலையைப் பற்றிய 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' பார்க்கும்போது சிரித்துவிட்டார்கள் என்று தியேட்டரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பிற்பாடு இயக்குநர் ஸ்பீல்பெர்க்கே அந்தப் பள்ளிக்குப் போய்ப் பேசினார். அன்று நம் விவாதம் பத்தரை வரை போய், நூலகக் காவலர் இரண்டு தடவை விளக்கை அணைத்துக் காட்டினார். இந்த ஆண்டில் நம் வட்டம் உருப்படியாக ஏதாவது செய்தது என்றால் அந்த ராத்திரிதான் என்பது என் அபிப்பிராயம். வராதவர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

நான்காவது, ஜேம்ஸ் கிரேயின் 'ஆர்மகெடான் டைம்'. கலவரம் எதுவும் இல்லை. 1980இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு யூதப் பையனும் ஒரு கறுப்பினப் பையனும் சேர்ந்து தப்பு செய்கிறார்கள், ஒருவன் மட்டும் தப்பிக்கிறான். குவீன்ஸ் என்றதும் 22 பேர் வந்தார்கள். சொந்தப் பேட்டையைத் திரையில் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான்.

தொடரின் முடிவில் கிரவுன் ஹைட்ஸுக்கே ஒரு நடை. முதலில் சனிக்கிழமை என்று அறிவித்தது என் தவறு. அன்று யூதர்களின் ஓய்வுநாள், கடைகள் பூட்டியிருக்கும். ஞாயிறுக்கு மாற்றினேன். ஞாயிறு பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி என்றார்கள். சரி, பள்ளி விட்டபின் கிளம்பலாம் என்றேன். 14 பேர் வருவதாகச் சொல்லி நால்வர் வந்தோம். கிங்ஸ்டன் அவென்யூ ரயில் நிலையத்தில் இறங்கிப் படியேறி வெளியே வந்தால் எதிரிலேயே 770. அங்கிருந்து யூட்டிகா அவென்யூ வரை நடந்தோம், பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் யூதர், இந்தப் பக்கம் கறுப்பினத்தார் என்று ஒரு கோடு இருக்கும் என நினைத்திருந்தேன். ஒரே தெருவில் ஒரு வாசல் நிலையில் மெசூசா (யூதர்கள் மறைநூல் வரிகளை வைத்துப் பதிக்கும் சிறு பேழை), அடுத்த வாசலில் ஜமைக்காக் கொடி. யூட்டிகாவில் ஒரு கடையில் டபுள்ஸ் வாங்கினோம். குட்டிப் பூரி மாதிரி இரண்டு, நடுவில் கொண்டைக்கடலை, மேலே புளிச்சட்னி. கடைக்காரம்மா எங்களைப் பார்த்துவிட்டு, தன் பாட்டி வழியில் ஒரு ராமசாமி உண்டு என்றார். நால்வருக்கும் பேச்சே வரவில்லை. அந்த நால்வரில் இரண்டு பேர் பந்தி விவகாரத்தின் இரண்டு பக்கத்தவர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கைத்துடைப்பான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சந்தா. ஆண்டுக்கு 60 டாலர். 64 பேரில் கட்டியவர்கள் 26 பேர். இன்னும் சிலர் "அனுப்பிட்டேனே அண்ணா, பணம் அனுப்புற ஜெல் ஆப்பில் பாருங்க" என்கிறார்கள். பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் பின்பக்கம், காபி வைத்திருக்கும் மேசையில் இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக இருப்பதாகப் பொருளாளர் தெரிவித்தார். சில ரசீதுகள் வர வேண்டியிருக்கின்றன. திரையிடல் உரிமத்துக்கான தொகையில் ஒரு பகுதியை ஒரு நலம்விரும்பி கொடுத்தார்; தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். நானும் சொல்ல மாட்டேன், ஆனால் அவருடைய மனைவிக்கு இன்னும் தெரியாது.

நூலகத்தாருக்கும், சமோசா செய்து தந்த குடும்பத்துக்கும், ஒலிபெருக்கி கொடுத்து உதவியவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு என் உடல்நிலையும் வேலையும் இடம் கொடுக்கவில்லை. யாராவது இந்தப் பொறுப்புக்கு முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒதுங்கிக்கொள்வேன். வராவிட்டால், வேறு வழியில்லை என்று செயற்குழு நினைத்தால், யோசிக்கலாம். மனதில் ஒரு தொடர் இருக்கிறது. தலைப்பை இப்போது சொன்னால் மறுபடி 31 கட்டைவிரல்தான் வரும். திரை, புரொஜெக்டர், 24 மடக்கு நாற்காலிகள் எல்லாம் என் வீட்டுக் கராஜில் இருக்கின்றன. எடுத்துப் போக வருபவர்கள் பெரிய வண்டியோடு வரவும். நாற்காலியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.