கொழிஞ்சியைச் சுரண்டாதே தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். மாங்கன்று வைக்க நம் மலையடிக் காட்டு நிலத்தை ஜேசிபி விட்டுச் சுரண்டி, மிச்சத்துக்குக் களைக்கொல்லி அடிக்கப்போவதாகச் சொன்னாயே, வேண்டாம். போட்டோவைப் பார்த்து நீ புதர் என்றாயே, அது கொழிஞ்சி, மண்ணுக்குத் தழையுரமாக வளர்க்கிற செடி.

சின்னப் பிள்ளையில் அந்த இலையை வைத்துத்தானே விளையாடுவாய். நுனியையும் அடியையும் பிடித்து இழுத்தால் குறுக்கே நேராகக் கிழியாது, நாமம் மாதிரி கூராகத்தான் பிரியும். அதை எச்சில் தொட்டு நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தவன் நீ.

அப்பா அதை விதைத்த வருஷம் நினைவிருக்கிறது. ஏக்கருக்கு 8 கிலோ கணக்கில் விதை வாங்கிவந்து வீசினார். மழையும் பெய்தது. முளைத்ததோ அங்கொன்றும் இங்கொன்றும். பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அடுத்த வருஷ மழைக்கு யாரும் விதைக்காமலே காடு முழுக்கப் பச்சை! விதையில் ஒரு குற்றமும் இல்லை. தோல் அவ்வளவு கெட்டி. ஆற்றுமணலோடு சேர்த்துத் தேய்த்துத் தோலைக் கீறிவிட்டால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். இல்லாவிட்டால் மண்ணுக்குள் கிடந்து, அதற்குத் தோன்றும்போது முளைக்கும். அப்புறம் அப்பா அந்தக் கடை இருக்கிற தெருப் பக்கமே போகவில்லை.

நேற்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். பிடுங்க எங்கே வருகிறது, கடப்பாரை போட்டுத்தான் தோண்டினேன். ஒரு முழம் தோண்டியும் ஆணிவேர் முடியவில்லை. சித்திரை வெயிலில் புல்லெல்லாம் கருகியபோதும் இது நின்றது இந்த வேரால்தான். பக்கவேர்களில் கடுகு கடுகாக முண்டுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால், உள்ளே இருக்கிற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் மருந்தடித்துக் கொன்றுவிட்டு, யூரியா மூட்டை வாங்கப் பார்க்கிறாய்.

மாங்கன்று வைக்காதே என்று சொல்லவில்லை. குழி எடுக்கிற இடத்தை மட்டும் கொத்திவிடு. இப்போது ஊதாப் பூ வைத்திருக்கிறது, அறுக்கச் சரியான பருவம். அறுத்த தழையைக் கன்றின் தூரில் ஒட்டாமல் சுற்றிலும் கனமாகப் போட்டுவை. செவல் மண் சீக்கிரம் காயாது, மட்கினால் உரமும் ஆச்சு. வரப்போரம் மட்டும் அறுக்காமல் விடு. தட்டையான காய்கள் முற்றி, வெடித்து, விதை தானே விழட்டும்.

இது மெதுவாகத்தான் வளரும், ஒத்துக்கொள்கிறேன். தழையுரத்துக்கு விதைக்கிற மற்றச் செடிகளான சணப்பும் தக்கைப்பூண்டும் இரண்டு மாதத்துக்குள் இடுப்புக்கு மேல் வந்துவிடும். ஆனால் தக்கைப்பூண்டு தண்ணீர் கேட்கும், நம் கிணறு இருக்கிற லட்சணம் உனக்கே தெரியும். இன்னொன்று, கொழிஞ்சியில் மாடு லேசில் வாய் வைக்காது. வேலி போடாத காட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பொங்கலுக்கு வரும்போது நல்ல அரிவாள் ஒன்று வாங்கி வா, இங்கே இருப்பது பல் போய்விட்டது. ஜேசிபிக்காரரிடம் வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நீ கொடுத்த அட்வான்ஸ் 1,000 ரூபாயைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். அதை நீயே பேசிக்கொள்.

அன்புடன்,
அம்மா