'இதர' என்று எழுதிய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

கலைத் துறை நூல்களையும் ஆவணங்களையும் வைத்திருக்கும் நூலகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நடன வரலாற்றில் ஆய்வு செய்பவள் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய நிகழ்ச்சியைப் பற்றித் தேடிக்கொண்டு ஒரு நூலகத்துக்குப் போயிருந்தேன். கணினிப் பட்டியலில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்பும் நேரத்தில் வயதான ஊழியர் ஒருவர், "எதற்கும் இதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்று ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மூடியில் 'இதர' என்று எழுதியிருந்தது. உள்ளே ரப்பர் வளையம் உருகி ஒட்டிக்கொண்ட நிகழ்ச்சி நிரல்கள், அழைப்பிதழ்கள். நான் தேடிய நிரலும் அதில் இருந்தது. அச்சிட்ட பாடகர் பெயரைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் வேறொரு பெயரை யாரோ எழுதியிருந்தார்கள். இரண்டாவது உருப்படிக்கு எதிரே 'ஆடவில்லை' என்று ஒரு சொல். அந்த நிகழ்ச்சியைப் பற்றி நான் படித்திருந்த கட்டுரைகள் எல்லாம் ஆடாத அந்த உருப்படியைப் புகழ்ந்திருந்தன.

இடம் போதவில்லை என்பதால் அந்தப் பெட்டியைக் கழித்துவிட முடிவாகியிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் பட்டியல்கள் புத்தகத்துக்காக அமைந்தவை. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு. கலையின் சான்றுகளில் பெரும்பகுதி இந்தக் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. ஒரு நடனத்துக்கு யார் ஆசிரியர்? அமைத்தவரா, ஆடியவரா, இசை தந்தவரா? ஒளியமைத்தவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இசைப் பிரிவினர் இந்தச் சிக்கலை எப்போதோ எதிர்கொண்டு வழி கண்டார்கள். 'மூன்லைட் சொனாட்டா' என்பது பீத்தோவன் வைத்த பெயர் அல்ல. படைப்பு எண் 27, இரண்டாவது சொனாட்டா என்பதே அதன் அடையாளம். ஒரே படைப்பு பல மொழிகளில் பல பெயர்களில் அச்சாகும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே சீர்தலைப்பின் கீழ், அதாவது பட்டியலுக்கென்று நிலையாக வைத்த ஒரே பெயரின் கீழ், கொண்டுவரும் வழக்கம் வந்தது. மோட்சார்ட்டின் படைப்புகளுக்கு 1862-ல் கோஹெல் வரிசை எண் கொடுத்தார். இன்றும் அந்த எண்ணைச் சொல்லித்தான் தேடுகிறோம். இந்த அக்கறையில் பாதி நடனத்துக்கும் நாடகத்துக்கும் கிடைத்திருந்தால் என்னைப் போன்றவர்கள் இவ்வளவு அலைந்திருக்க வேண்டியதில்லை.

அலமாரியிலும் இதே கதைதான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பில் மேடை நடனம் 792.8. நாட்டுப்புற நடனமும் சமூக நடனமும் 793.3. அதையடுத்துப் புதிர்கள், மாயாஜாலம், கொஞ்சம் தள்ளி 794.1-ல் சதுரங்கம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்பிலோ நடனம் விளையாட்டுகளோடு ஜி.வி. பிரிவிலும், நாடகம் இலக்கியத்தோடு பி.என். பிரிவிலும், ஓவியம் என். பிரிவிலும், இசை எம். பிரிவிலும் இருக்கின்றன. மேடை அலங்காரத்தைப் பற்றி எழுத வரும் மாணவர் கட்டடம் முழுவதும் நடக்க வேண்டும். நடக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. பகுப்பு முறையை மாற்றச் சொல்லவில்லை. 'இதைத் தேடுபவர்கள் அங்கேயும் பாருங்கள்' என்று அலமாரி முனையில் ஓர் அட்டை தொங்கவிடுவதற்கு என்ன தடை? ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் ஆபி வார்பர்க் தன் நூலகத்தையே 'நல்ல அண்டைவீட்டார்' என்ற எண்ணத்தில்தான் அடுக்கினார்: தேடி வந்த நூலைவிட உதவக்கூடிய நூல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 1933-ல் ஹாம்பர்க்கிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய அவருடைய சுமார் 60,000 நூல்கள் இன்றும் அந்த எண்ணத்தின்படிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

தரவுத்தளச் சந்தாக்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பணம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றாலும், 1952-ல் தொடங்கிய ரிஸ்ம் என்ற இசைமூலப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத தன் கலைப்பொருள்களின் படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. இவற்றை வாசகருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

என் மனத்தை உறுத்துவது படச்சுருள்களும் ஒலி, ஒளி நாடாக்களும். பழைய அசிட்டேட் படச்சுருளின் தகர டப்பாவைத் திறந்தால் காடி வாடை மூக்கைத் துளைக்கும். அது சுருள் சிதையத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். அதிலிருந்து எழும் அமில ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். காந்த நாடாவுக்கு வேறு நோய்: நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவி கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே, 2025-க்குள் கணினி வடிவுக்கு மாற்றாத நாடாக்களைப் பெரும்பாலும் இழந்துவிடுவோம் என்று எச்சரித்தது. அந்தக் கெடு வந்தேவிட்டது. நாற்காலிகளைப் புதுப்பிக்க ஒதுக்கும் பணத்தை ஓர் ஆண்டு மட்டும் நாடாக்களுக்குத் திருப்புங்கள். நாற்காலியை அடுத்த ஆண்டும் வாங்கலாம்.

உரிமைச் சிக்கல் வரும் என்பீர்கள். நியூயார்க் பொது நூலகம் 1970-லிருந்து மேடை நாடகங்களைப் படம்பிடித்து வைக்கிறது. கலைஞர்களின் சங்கங்களோடு பேசி ஒப்பந்தம் செய்துகொண்டுதான் செய்கிறது. பதிவுகளை நூலகத்துக்குள் மட்டுமே பார்க்கலாம், பிரதி எடுக்க முடியாது. அந்த ஏற்பாடு போதும். ஆய்வாளருக்குப் பார்க்கக் கிடைத்தால் சரி.

உங்களிடம் நேராகக் கேட்பது ஒன்று. ஒரு பெட்டியைக் கழிக்கும் முன், அந்தக் கலையை அறிந்த ஒருவரை அழைத்து ஒரு நாள் அதன் முன் உட்காரவையுங்கள். தாள்தாளாகப் பட்டியலிட ஆள் இல்லையென்றால், 'இந்தக் குழு, இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, சுமார் இத்தனை நிரல்கள்' என்று மூன்று வரி கணினியில் ஏற்றினாலே தேடுபவர் வந்து சேர்ந்துவிடுவார். 'இதர' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

நடனம் தொடர்பான பெட்டி என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஊதியம் வேண்டாம்; உட்கார ஒரு மேசை போதும்.

அன்புடன்,
ஒரு நடன ஆய்வாளர்