எனக்குச் சிகிச்சை தந்த டாக்டர்களுக்கும், டாக்டர் அல்லாதவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

குரல்வளைப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து, ஸ்கேனும் நல்லபடியாக வந்த பிறகு, விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது "எந்த டாக்டர் பார்த்தார்?" என்றுதான். நானும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். முழுக்கதையையும் நின்று கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனால் என் கோப்பைப் புரட்டினால் அதில் கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் பாதிப் பேர் மருத்துவமே படிக்காதவர்கள். இயற்பியல் படித்தவர், மருந்தியல் படித்தவர், செவித்திறன் படித்தவர், விழுங்குவதைச் சொல்லித்தருவதையே தொழிலாகக் கொண்டவர், சமூகப்பணி படித்தவர் என்று பல பேர். ஆஸ்பத்திரி வாசல் பலகையில் இவர்கள் பெயர் இருக்காது. பெயர்களை நானும் இங்கே எழுதப்போவதில்லை, அதை விரும்பாதவர்கள் உங்களில் உண்டு. படித்தால் யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் அறுவைசிகிச்சை நிபுணருக்கு. நீங்கள் என்னை அறுக்காமல் விட்டதற்கு நன்றி. காது மூக்கு தொண்டை மருத்துவம் படித்து, அதற்குமேல் தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவைக்கென்று தனியாகப் பல வருடம் பயின்றவர் நீங்கள். குரல்வளையை முழுதாக எடுப்பது உங்கள் கைக்கு வந்த வேலை. அப்படிப்பட்டவர்தான் ட்யூமர் போர்டில், எல்லாத் துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியின் படங்களைப் பார்க்கும் அந்தக் கூட்டத்தில், "இவருக்குக் கத்தி கடைசியில் இருக்கட்டும், முதலில் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்துப் பார்க்கலாம்" என்று சொன்னீர்கள். என்னிடம் அதற்கான காரணத்தையும் விளக்கினீர்கள். குரல்வளைப் புற்று முற்றியிருந்தால் அதை எடுத்துவிடுவதுதான் ஒருகாலத்தில் வழக்கம். 1991-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 332 நோயாளிகளை, குரல்வளையை எடுப்பவர்கள், முதலில் கீமோ பெறுபவர்கள் என்று இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. முதலில் கீமோ, பிறகு ரேடியேஷன் என்று போனவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குரல்வளை மிஞ்சியது. இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்களின் விகிதம் இரண்டு பிரிவிலும் ஒன்றுதான். எனக்குக் கொடுத்த முறை அதற்குப் பிறகு வந்தது, இரண்டையும் ஒரே சமயத்தில் தருவது. அந்த 332 பேருக்கும் என் நன்றியில் பங்கு உண்டு. தங்கள் தொண்டையை ஆய்வுக்கு ஒப்புக்கொடுத்தவர்கள் அவர்கள்.

பேத்தாலஜிஸ்ட்டை நான் பார்த்ததே ஒரு தடவைதான், அதுவும் நானாகப் போய்க் கேட்டதால். "என்னைப் பார்க்க நோயாளிகள் வருவதில்லையே" என்று ஆச்சரியப்பட்டவர், உட்காரவைத்து என் ஸ்லைடையே மைக்ராஸ்கோப்பில் காட்டினார். பயாப்சியில் எடுத்த துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு கனத்துக்குச் சீவுகிறார்கள். அதைச் சீவுவது டெக்னீஷியன். சீவல் சுருண்டாலோ கிழிந்தாலோ அதை வைத்து எதையும் நம்பிச் சொல்ல முடியாது. பிறகு ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றுகிறார்கள். பார்க்க அழகாகவே இருந்தது, அது வேறு விஷயம். ஒழுங்காக வரிசையில் இருக்க வேண்டிய செல்கள் வரிசை உடைத்துக் கீழே இறங்கியிருந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, "இது எல்லையைத் தாண்டிவிட்டது, அதனால்தான் இதைப் புற்று என்று எழுதினேன்" என்றார். மருத்துவம் படித்து முடித்து, நோயாளியின் முகத்தைப் பார்க்காத துறையைத் தேர்ந்தெடுத்த மனிதர். அவர் எழுதிய நான்கு வரியை நம்பித்தான் மற்ற எல்லோரும் வேலையைத் தொடங்கினார்கள்.

அடுத்து ஃபிசிக்ஸ் அறைக்காரர். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

சிடி எடுத்து முடித்த பிறகும் ரேடியேஷன் ஆரம்பிக்காமல் நாளைக் கடத்துகிறார்களே என்று எனக்கு எரிச்சல். எங்கே தாமதம் என்று விசாரித்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், "நீங்க எந்த டாக்டர் சார்?" என்று கேட்டேன். "நான் டாக்டர் இல்லைங்க, ஃபிசிக்ஸ்" என்றார். இயற்பியலில் முதுகலை, அதற்குமேல் கதிரியக்க இயற்பியல், அப்புறம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் என்று ஒரு தொழில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் திரையில் என் கழுத்து, துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டிலும் கட்டி எது, நிணநீர்க் கணு எது, தண்டுவடம் எது, உமிழ்நீர்ச் சுரப்பி எது என்று ரேடியேஷன் டாக்டர் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர் வர வேண்டும் என்று கணக்குப் போடுவது இவர் வேலை. "இங்கே 70 கிரே சேரணும். பின்னாடி இருக்கிற தண்டுவடத்தில் 45-ஐத் தாண்ட விடமாட்டேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில சென்டிமீட்டர்தான். நாள் ஆகாதா?" என்றார். ஆகும்தான்.

கிரே என்பது எவ்வளவு என்று கேட்டேன். ஒரு கிலோ எடைக்கு ஒரு ஜூல் ஆற்றல். அந்த அலகுக்குப் பெயர் தந்த லூயி ஹெரால்டு கிரேயும் ஓர் இயற்பியலாளர்தான். அந்த 70 கிரேயையும் ஒரேயடியாக ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தாலும் வெப்பம் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஏறாதாம். என் கழுத்துத் தோல் கறுத்து உரிந்தபோது இது ஞாபகம் வந்தது. சூட்டினால் வந்த புண் அல்ல அது. செல்லின் டிஎன்ஏ இழையைக் கதிர் அறுப்பதால் வருவது.

நான் படுப்பதற்கு முன்னால் என் பிளானை ஒரு பொம்மை உடலுக்குக் கொடுத்து, கணக்கும் மெஷினும் ஒத்துப்போகிறதா என்று அளந்து பார்த்திருக்கிறார். அதை ஃபாந்தம் என்கிறார்கள். நோயாளிகள் எல்லாரும் போன பிறகுதான் மெஷின் இதற்குக் கிடைக்கும் என்பதால் பெரும்பாலும் இரவு வேலை. யோசித்துப் பார்த்தால் இந்தத் துறையின் வேரே இயற்பியல் பக்கம்தான். 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்கன் இயற்பியல் பேராசிரியர். அடுத்த வருடமே அதைப் புற்றுக்கட்டிமேல் செலுத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சிடி ஸ்கேனுக்காக 1979-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஹவுன்ஸ்ஃபீல்டு மின்பொறியாளர், கார்மாக் இயற்பியலாளர். மருத்துவப் பட்டம் இருவருக்கும் கிடையாது.

மாஸ்க் செய்த ரேடியேஷன் டெக்னீஷியன்களே, உங்களை எப்படி மறப்பேன். ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்த வெள்ளைத் தகட்டை வெந்நீரில் போட்டு எடுத்ததும் துணிபோல் தொய்ந்துவிடுகிறது. அதை என் முகத்திலும் தோளிலும் வைத்து, மூக்குத்தண்டு, தாடை எல்லாம் பதியும்படி விரலால் அழுத்தினீர்கள். சில நிமிடத்தில் இறுகிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு நாளும் அதைப் போட்டு மேசையோடு சேர்த்துப் பூட்டும்போது, கண்ணைத் திறக்கவும் முடியாமல் எச்சிலை விழுங்கவும் முடியாமல் எனக்கு மூச்சு முட்டும். உங்களில் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனதும் ஸ்பீக்கரில் பேச ஆரம்பிப்பீர்கள்: "இடது பக்கம் முடிஞ்சுது, இன்னும் ஒரு சுத்துதான், கையை மட்டும் தூக்கிக் காட்டுங்க, சரி." பாடத்திட்டத்தில் இதெல்லாம் இருக்குமா என்று தெரியவில்லை. மில்லிமீட்டர் கணக்கில் என்னை நேராகப் படுக்கவைத்ததற்குச் சமமான வேலை அந்தப் பேச்சு.

கீமோ பக்கம் வருவோம். எனக்குக் கொடுத்தது சிஸ்பிளாட்டின். அதுவும் ஓர் இயற்பியலாளரிடமிருந்து வந்ததுதான் என்று கீமோ கொடுக்கும் டாக்டரான மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட் சொன்னபோது, ஃபிசிக்ஸ்காரர்கள் என்னை விடமாட்டார்கள் போலிருக்கிறதே என்று சிரித்தேன். செல் பிரியும்போது உள்ளே தெரியும் கோடுகள் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் நிற்பதைப்போல் இருப்பதைப் பார்த்து, மின்புலம் செல்பிரிவைப் பாதிக்குமா என்று சோதிக்கக் கிளம்பியவர் பார்னெட் ரோசன்பெர்க். 1960-களில் பாக்டீரியா இருந்த கரைசலில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். பாக்டீரியா பிரியவே இல்லை, நூல்போல் நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். 1978-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அந்தச் சேர்மத்தை ஒரு வேதியியலாளர் 1845-லேயே செய்து வைத்திருந்தார், எதற்கு உதவும் என்று தெரியாமல்.

ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அங்கேதான் ஆன்காலஜி ஃபார்மசிஸ்ட் வருகிறார். என் உயரம், எடையை வைத்து உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு அளவு குறிப்பது டாக்டர். அந்தக் கணக்கை மறுபடி தானே போட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனையையும் பார்த்து, எல்லாம் சரி என்று தோன்றினால்தான் மருந்தைக் கலப்பது இவர். ஒரு முறை, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் க்ரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறியிருந்ததைக் கவனித்துக் கலக்காமல் நிறுத்தி, டாக்டருக்கு ஃபோன் போட்டவர் நீங்கள். நான் கட்டிலில் காத்திருந்து அலுத்துக்கொண்டேன். வாரம் தள்ளிப் போட்டார்கள், க்ரியாட்டினின் இறங்கியது. இன்றைக்கு என் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்வதில் அந்த ஒரு ஃபோனுக்குப் பங்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

கீமோ வார்டு சிஸ்டர்களுக்கும் நன்றி. பொது நர்சிங் முடித்து, இந்த மருந்துகளைக் கையாளத் தனிப்பயிற்சி எடுத்தவர்கள். சலைன் எவ்வளவு உள்ளே போனது, சிறுநீர் எவ்வளவு வெளியே வந்தது என்று மில்லிலிட்டர் விடாமல் எழுதினீர்கள், நடுராத்திரியிலும் எழுப்பி அளந்தீர்கள். "காதில் ஏதாவது ரீங்காரம் கேட்குதா?" என்று கேட்டவரும் ஒரு சிஸ்டர்தான். கேட்டது. அன்றே ஆடியாலஜிஸ்ட்டிடம் அனுப்பினீர்கள். இந்த மருந்து உச்சஸ்தாயி ஒலிகளைத்தான் முதலில் திருடுமாம், பேச்சு கேட்பதால் நமக்கே தெரியாமல் போய்விடும் என்றார் அவர். ரேடியேஷனுக்கு முன்பே கெட்டுப்போன பற்களைப் பிடுங்கச் சொன்ன பல் மருத்துவருக்கும் இங்கேயே ஒரு கும்பிடு. கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமலே போகலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

விழுங்கச் சொல்லிக்கொடுத்த ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மா, உங்களை நான் மனதுக்குள் நிறையத் திட்டியிருக்கிறேன். தொண்டை முழுக்கப் புண்ணாக இருக்கும்போது "தண்ணியாவது விழுங்குங்க, நிறுத்தினா தசை மறந்துடும்" என்று நின்றீர்கள். மூக்குக்குழாய் போட்ட பிறகும் விடவில்லை. நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது, மூச்சை அடக்கி விழுங்கி உடனே இருமுவது என்று தினமும் பாடம். திக்கிப் பேசும் குழந்தைகளோடு காலையெல்லாம் உட்கார்ந்துவிட்டுத்தான் மதியம் என்னிடம் வருவீர்கள் என்பதும், மொழியியலும் உடற்கூறும் சேர்த்துப் படித்தவர் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே வீடியோவில், கொஞ்சம் மூச்சுக்குழாய் பக்கம் நழுவுவதைக் காட்டி, "தாடையை நெஞ்சுப் பக்கம் குனிச்சு விழுங்குங்க" என்றீர்கள். மறுபடி எடுத்ததில் நேராக இறங்கியது. இன்றும் குனிந்துதான் குடிக்கிறேன், பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

வலி டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பாலியேட்டிவ், அதாவது வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சை, என்று சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து வீட்டில் அழுதார்கள். எல்லாம் முடிந்தது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். நீங்கள் மயக்க மருத்துவராக இருந்து இந்தப் பக்கம் வந்தவர். குணமாகிற நோயாளிக்கும் வலி வலிதானே என்று சொல்லி மார்ஃபினை ஆரம்பித்தீர்கள், புண் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியும் காட்டினீர்கள். உங்கள் துறைக்கு வழி போட்ட சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவச் சமூகப்பணியாளர், அதன் பிறகு படித்து 1957-ல் டாக்டர் ஆனவர், 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை, திறந்தவர் என்று சொன்னீர்கள். வலியைப் பற்றிக் கேட்கும்போதே வேலை, கடன், தூக்கம் எல்லாவற்றையும் நீங்கள் கேட்டது ஏன் என்று அதற்குப் பிறகு புரிந்தது. உங்கள் அறையிலிருந்து நேராக என்னைச் சமூகப்பணியாளரிடம் அனுப்பினீர்கள். அவர் இல்லையென்றால் காகிதங்களிலேயே நான் மூழ்கிப்போயிருப்பேன்.

நோயாளிகள் கொடுக்கும் நன்றி அட்டைகள் பெரும்பாலும் டாக்டர் அறையிலும் வார்டு மேசையிலும் நின்றுவிடுகின்றன. அதனால் இந்த மடலின் பிரதிகளை பேத்தாலஜி ஆய்வகம், ஃபிசிக்ஸ் அறை, மருந்து கலக்கும் அறை மூன்றுக்கும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறேன். சுவரில் ஒட்ட இடமில்லையென்றால் மேசை டிராயரில் போட்டுவையுங்கள், பரவாயில்லை.

நன்றியுடன்,
உங்கள் எல்லோரிடமும் சிகிச்சை பெற்ற ஒரு நோயாளி