தண்ணீரை எடை போட வைத்த அண்ணனுக்கு

வேதியியல் மன்றத் தோழர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டது. இந்தப் பருவம் எங்களுக்கு எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். அதை மறுபடி சொல்லாமல் நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி எங்கள் லேப் அண்ணனுக்கு. மன்றத்தின் மாலைப் பயிற்சிக்கு ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள் என்று மட்டும்தான் அவரிடம் கேட்டிருந்தோம். அவரோ, "இன்னைக்கு ஆசிட் எதுவும் வேணாம், தண்ணி மட்டும் எடுங்க" என்றார். பிப்பெட்டில் (குறித்த அளவு திரவத்தை எடுக்கும் கண்ணாடிக் குழாய்) 20 மில்லி வாலைவடிநீர் எடுத்து, தராசில் இருந்த பீக்கரில் விடச் சொன்னார். 25 டிகிரி வெப்பநிலையில் அது ஏறத்தாழ 19.94 கிராம் காட்ட வேண்டும். நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளினால் எடை கூடிவிடும். நீர்மட்டத்தைச் சாய்வாகப் பார்த்தாலும் எண் விலகிவிடும். யாரும் யாரையும் திட்ட வேண்டியிருக்கவில்லை, தராசே சொல்லிவிட்டது.

அப்புறம் பியூரெட், திரவத்தைத் துளித் துளியாக விட அடியில் திருகு வைத்த அளவுக் குழாய். அதிலும் தண்ணீர்தான். இடது கையால் குழாயைத் திருகிக்கொண்டே வலது கையால் குடுவையைச் சுழற்றுவது, நுனியில் தொங்கும் அரைத் துளியைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுத்து வடிநீரால் கழுவி இறக்குவது, இவ்வளவுதான் பயிற்சி. மதிப்பெண் கிடையாது, ரெக்கார்டு நோட்டு கிடையாது. வகுப்பு நேரத்தில் அளவீடும் கணக்கும் சேர்ந்து நெருக்கும்போது கைக்குப் பழக அவகாசமே இருப்பதில்லை. அந்த அவகாசத்தைத் தன் வீட்டு நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார் அண்ணன்.

தேர்வில் எனக்கு வந்தது பெர்மாங்கனேட், அந்த ஊதாக் கரைசலைப் பியூரெட்டிலிருந்து அமிலத்தில் துளித் துளியாக விட்டு அளவிடும் சோதனை. சூடான ஆக்சாலிக் அமிலத்தில் முதல் துளிகளின் நிறம் உடனே மறையாது. மாங்கனீசு அயனி கொஞ்சம் உருவான பிறகுதான் வினை வேகமெடுக்கும். பதறாமல் காத்திருந்தேன். ஒரே துளியில், வினை முடிந்ததைக் காட்டும் இளஞ்சிவப்பு வந்து நின்றது.

அனுமதி வாங்கித் தந்த பேராசிரியருக்கும், உப்புப் பகுப்பாய்வைக் கேள்வி கேட்டே மனதில் பதியவைத்த சீனியர்களுக்கும், கடைசி வரை இருந்து கண்ணாடிக் கலன்களைக் கழுவிக் கவிழ்த்த நண்பர்களுக்கும், தாமதமாக வந்த நாட்களைப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த பருவத்தில் ஜூனியர்களோடு அதே மேசையில் நானும் நிற்பேன். மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்: பயிற்சி அறிவிப்பில் பயிற்றுநர் என்ற இடத்தில் அண்ணன் பெயரையும் போடுங்கள்.