ஜூன் வரைக்கும்

கோவில்பட்டி,
பிப்ரவரி 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில், "வேற வேலை கிடைக்காமலே இதை விட்டுடலாமாம்மா?" என்று கேட்டதும், "அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டேன். அப்பா பக்கத்திலேயே இருந்தார், அதனால்தான். சொல்ல வேண்டியதை எழுதிவிடலாம் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இலைக்குப் பக்கத்தில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு இடது கையால் எடுத்துப் பார்த்தாய். ஆபீஸ்கூட இல்லை, கேஸ் சிலிண்டர் மெசேஜ். ஆனால் அதற்குள் உன் முகம் வெளுத்துப் போயிருந்தது. அந்தச் சோற்றை நீ அப்புறம் தொடவே இல்லை. நான்தான் இலையை மடித்தேன்.

வேலையை விடத் தயங்குவதற்கு நீ சொன்ன காரணம், உன் கம்பெனி வழியாக அப்பாவுக்கு இருக்கிற மருத்துவ இன்சூரன்ஸ். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நானும் இதையேதான் செய்தேன், பாப்பா.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிள்ளைகளுக்குப் பாதி ஃபீஸ்தான். 2010ல் நீ ஏழாம் வகுப்பு. ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் என்னைப் பேசிய பேச்சை இப்போதுகூட எழுத மனசு வரவில்லை. அன்றைக்கு ராத்திரியே ராஜினாமா எழுதினேன். தேதி மட்டும் போடவில்லை. கைப்பையின் உள் ஜிப்பில் அந்தக் காகிதம், நீ பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும், ஆறு வருஷம் இருந்தது. கடைசியில் எடுத்தபோது நாலு மடிப்பும் கிழிந்து துண்டு துண்டாக வந்தது. வேறு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உனக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வருஷங்களில் சாயங்காலம் வீட்டுக்கு வந்து யார் மேல் எரிந்து விழுந்தேன்? உன் கணக்கு நோட்டை வாசலில் தூக்கி எறிந்தேனே, நீ இருட்டில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். பாதி ஃபீஸ் மிச்சமானது, சரி. அதற்கு நீ கொடுத்ததும் கொஞ்சம் இல்லை.

அதனால் எங்களைச் சொல்லி அங்கே இருக்காதே. விட்டுவிடு. ஆனால் நாளைக்கே வேண்டாம்.

நீ சேர்ந்தது 2021 ஜூன் 10. உனக்கு நோட்டீஸ் 90 நாள். மார்ச் 15 அன்று எழுதிக் கொடுத்தால் ஜூன் 13 வரைக்கும் வேலையில் இருப்பாய், ஐந்து வருஷம் முழுசாக முடிந்துவிடும். ஐந்து வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி, அதாவது கம்பெனி தருகிற பணிக்கொடை, தகராறு இல்லாமல் வரும். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். உன் பேசிக் 30,000 என்றாய், 86,000 ரூபாய்க்கு மேல் வரும். கோபத்தில் நோட்டீஸுக்குப் பணம் கட்டிவிட்டு முன்னாலேயே வெளியே வந்தால் அந்தப் பணம் வருமா என்பதே சந்தேகமாகிவிடும். பி.எஃப்.பில் கை வைக்காதே, அது அப்படியே இருக்கட்டும். ரிலீவிங் லெட்டரை மட்டும் கையில் வாங்காமல் வராதே.

கையில் வேலை இருக்கும்போது தேடுவதுதான் சுலபம் என்று மாமா சொல்வார். உண்மைதான். ஆனால் இப்போது உன்னை எங்கே கூப்பிட்டாலும் மூன்று மாதமா என்று பின்வாங்குகிறார்கள் என்று நீயே சொன்னாய். எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த நாள் தினமும் குறையும். உடனே வந்து சேருகிற ஆளைத்தானே அவர்கள் தேடுகிறார்கள்.

நாலு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறாய். வாடகை, சாப்பாடு, வண்டித் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 32,000. வேலை கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷம் தாங்கும். ஆறு மாதத்தில் ஒன்றும் அமையவில்லை என்றால் அறையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்து தேடு. வேலையில்லாமல் இருந்தால் வரன் தட்டிப்போகுமே என்று அத்தை கேட்பாள். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா விஷயம். கம்பெனி இன்சூரன்ஸ் உன் வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். ஸ்டென்ட் வைத்தவருக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால், இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்வார்கள். ஆனால் இந்த குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. இதுவரை கழிந்த வருஷங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நீ ரிலீவ் ஆவதற்கு முன்னாலேயே எழுதிக் கேட்க வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதே. பிரீமியம் என் டியூஷன் பணத்தில் கட்டுவேன். நீ குறுக்கே பேசாதே.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தன்னால்தான் பிள்ளை அங்கே கிடந்து தவிக்கிறாள் என்று அவர் மனசில் பட்டுவிடக் கூடாது. நீ நேரில் வந்து சொல்.

வெள்ளிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறு. அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியை மூன்று காப்பி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது இன்சூரன்ஸ் கார்டைக் கொண்டு வா. காலையில் ஸ்டேஷனுக்கு அப்பாவை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா