ஏரிக்கரைக் கல்லின் முன் உட்கார்ந்து ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. புளி தட்டும் பெண்களை வரைந்து வைத்தாய். ஒரு ஆசிரியர், வண்ணம் அருமை, ஆனால் உருவங்கள் நெரிசலாக இருக்கின்றன என்றார். இன்னொருவர், கூலி வேலையை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்றார். மூன்றாமவர், இதில் பெண்ணின் பார்வை எங்கே என்று கேட்டார். "மூணு பேரும் மூணு மாதிரி சொன்னா நான் எதை மாமா வரையறது?" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை.

காலையில் ஏரிக்கரை வேடியப்பன் கல்லுக்கு, அதாவது சண்டையில் செத்த வீரனுக்காக நட்ட நடுகல்லுக்கு, முன்னால் போய் உட்கார்ந்தேன். சின்ன வயதில் அதன் மேல் காகிதம் விரித்துக் கரியால் தேய்த்து எடுத்தாயே, அதே கல்.

முதலில் செதுக்கிய கோடுகளை மட்டும் பார்த்தேன். வீரனுக்கு ஒரு கையில் வில், ஓங்கிய கையில் குறுவாள். முன்னங்கால் மடங்கி, பின்னங்கால் நீண்டு, உடம்பு முழுக்க ஒரே சாய்வு. கருங்கல்லில் ஒரு விரல் ஆழம்கூட வெட்டாமல் அந்த வேகத்தைக் கொண்டுவந்திருக்கிறான் செதுக்கியவன். கதையை விடு, கோடும் வண்ணமும் சேர்ந்து நிற்கிற விதத்தைப் பார் என்று 1914-ல் ஆங்கிலேயக் கலை விமர்சகர் கிளைவ் பெல் வாதாடினார். உன் முதல் ஆசிரியர் நிற்கிற இடம் அது.

அப்புறம் நெஞ்சில் தைத்த அம்பு கண்ணில் பட்டது, காலடியில் மாடுகளும். தொறு மீட்டுப் பட்டவன், அதாவது கவர்ந்துபோன மாட்டு மந்தையை மீட்கும் சண்டையில் செத்தவன். மாடு யாருடையது? கல் வைக்கச் செலவு செய்தது யார்? தர்மபுரி அகழ்வைப்பகத்துக் கற்களில், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், அரசனின் ஆட்சியாண்டு இருக்கும், செத்தவன் பெயர் இருக்கும். செதுக்கியவன் பெயரைத் தேடிப் பார். உன் இரண்டாம் ஆசிரியர் நிற்கிற இடம் இது.

பெண்கள்? வீரனை மேலே கூட்டிப்போகும் தேவமகளிராக வருவார்கள், இல்லையென்றால் உடன்கட்டை ஏறியவளாக. பெரிய பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்று 1971-ல் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் கேட்டார். திறமைக் குறைவு காரணமில்லை, பயிற்சிக்கான கதவுகளே அவர்களுக்கு அடைபட்டிருந்தன என்று காட்டினார். நம் கல்லுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதே ஒரு பாட்டி வந்து கல்லின் தலையில் எண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டிவிட்டுப் போனார். நான் ரசித்த கோடெல்லாம் மஞ்சளுக்கு அடியில் போய்விட்டது. எனக்கு வருத்தமே வரவில்லை. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் வரிசை, கல்லைத் தேடிக் காணும் காட்சியில் தொடங்கி வாழ்த்தில் முடிகிறது. செதுக்கி முடித்ததோடு வேலை முடியவில்லை. யாரோ ஒருவர் வந்து கும்பிடுவதற்காகத்தான் அந்தக் கல்லையே நட்டார்கள். நான் படித்த விமர்சனங்களில் அந்தப் பாட்டிக்கு இடமே இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புளி தட்டுகிறவர்களுக்கு நகக்கண் கறுத்திருக்கும். உன் படத்தில் எல்லா விரலும் கழுவின மாதிரி இருக்கிறது. மூன்று பேரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை பஸ் ஏறி வா. படத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வா.

உன் மாமா,
தர்மபுரி